மலையகத் தாயும் பிரசாவுரிமையும்

மனிதன் நாடு விட்டு நாடு செல்வது உலக வழக்கம். மனிதன் இருந்த இடத்தில் இருக்க, நாடு அவனை விட்டு விலகிச் செல்வதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல. ஐரோப்பாவின் நடுவிலுள்ள செக் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1918ஆம் ஆண்டு பிராக் நகரிற் பிறந்த பெண்ணொருத்தி புதிய குடியரசொன்றின் மகளாகப் பிறந்தாள். 1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜெர்மானியப் படை வந்தது. 1945இல் அப்படை நீங்கியது. 1948ஆம் ஆண்டு பெப்ரவரியில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. 1968 ஆகஸ்டில் அயல்நாட்டுத் தாங்கிகள் வீதியில் இறங்கின. 1989 நவம்பரில் அவ்வாட்சியும் வீழ்ந்தது. அவள் சமைத்த அடுப்பு ஒன்றே. அவளை ஆண்ட அரசுகளோ பல. போர்களையும் ஒப்பந்தங்களையும் எழுதி வைக்கும் வரலாறு, அவற்றுக்கிடையே ஒரு தாய் தன் பிள்ளைகளை எவ்வாறு கூட்டி வைத்திருந்தாள் என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

இத்தகைய அனுபவத்தைத் தேடி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. அட்டன், திக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலேயே அதனைக் காணலாம். இங்கே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே பிள்ளை பெற்ற பெண், தன் லயக் காம்பராவை விட்டு நகராமலே பிரித்தானியப் பிரசையாக இருந்தாள், வாக்காளர் ஆனாள், நாடற்றவள் ஆனாள், இந்தியக் கடவுச்சீட்டுக்கு உரியவள் ஆனாள். அவள் குடும்பம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு பிரிந்தது என்பது விளங்கினால், மலையகத்தின் வரலாற்றிற் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில், மலையகத்துக்குக் குடும்பத்தைக் கொண்டுவந்தது தேயிலைச் செடியே என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மலைகளிற் பயிரிடப்பட்டது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டிற் சில மாதங்களே. ஆதலால், திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஆண்களே பெரும்பாலும் வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் தொகை பெரிது. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையிற் பூஞ்சண நோய் தோன்றிற்று. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. 1867இலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்குப் பருவகாலம் இல்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். மெல்லிய தளிரை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுப்பதற்குப் பெண்களின் கை வேண்டப்பட்டது. எனவே வந்துபோகும் கூலிப்படைக்குப் பதிலாக நிலையாகத் தங்கும் குடும்பங்களைத் தோட்டத் துரைமார் நாடினர். பெரிய கங்காணிமார் தம் ஊருக்குச் சென்று, முன்பணம் கொடுத்து, தாய், தந்தை, பிள்ளைகள் எல்லோரையும் திரட்டி வந்தனர். அம்முன்பணமே கடனாகி, 'துண்டு' என்னும் சீட்டின் வழியாகக் குடும்பத்தைத் தோட்டத்தோடு கட்டிவைத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

இவ்வாறு அமைந்த குடும்பத்துக்குக் கிடைத்த வீடு, ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா. வரிசையாகக் கட்டப்பட்ட அத்தகைய காம்பராக்களின் தொகுதியே லயம். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். பெண் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்து, பெரட்டுக்களத்திற் போய் நிற்பாள். இடுப்பிற் படங்கைச் சுற்றி, தலையிற் கம்பளியைப் போர்த்து, கூடையை மாட்டிக்கொண்டு, கங்காணி காட்டிய நிரையிற் புகுவாள். மழையும் அட்டையும் அவளுக்குப் புதியன அல்ல. மாலையிற் கொழுந்தை நிறுத்துப் பார்த்து, இறாத்தல் குறைந்தால் 'அரைப்பேர்' என்று கணக்கப்பிள்ளை எழுதுவார். ஒரே மலையில் வேலை செய்யினும் பெண்ணுக்குக் கூலி ஆணுக்குரியதினும் குறைவாகவே நெடுங்காலம் இருந்தது. அந்தக் கூலியையும் பல வேளைகளிற் கணவனோ தந்தையோ கையொப்பமிட்டுப் பெற்றுவந்தனர். 1984ஆம் ஆண்டிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது.

ஆயினும், 1931ஆம் ஆண்டு இப்பெண்ணின் வாழ்விற் பெரியதொரு வாயில் திறந்தது. டொனமூர் அரசியல் திட்டத்தின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே கோ. நடேசய்யர் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் சென்று, மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாட்டுகளை அமைத்துப் பாடி, எழுத்தறியாத பெண்களுக்கும் உரிமை என்னும் சொல்லின் பொருளை விளக்கினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுக்கு விழுந்த வாக்குகளிற் கொழுந்து பறிக்கும் கைகள் இட்ட வாக்குகளும் இருந்தன.

இனி, இவ்வரலாறு ஒரு குடும்பத்தை எவ்வாறு தொட்டது என்பதை விளக்க, எடுத்துக்காட்டாக ஒரு தாயைக் கற்பித்துக்கொள்வோம். இவள் குறிப்பிட்ட ஒருத்தி அல்லள். பல்லாயிரம் குடும்பங்களுக்கு நேர்ந்தவற்றைத் தொகுத்துக் காட்டும் வடிவமே இவள். 1925ஆம் ஆண்டு திக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் அவள் பிறந்தாள் எனக் கொள்வோம். 1943இல் அவளுக்குத் திருமணம். 1947இல், கையிற் பெண்குழந்தையோடு, வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தாள். அதன் பின் நெடுங்காலத்துக்கு அவளுக்கு வாக்கு இல்லை.

1948 பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டிற் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் இந்நாட்டிற் பிறந்தமை ஒன்றையே போதிய தகுதியாக ஏற்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வருமுன் பிறந்தவரின் தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லாவிடிற் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பின்னர்ப் பிறப்போருக்குத் தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும். தோட்டங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடவாத காலத்திற் பிறந்த பாட்டனுக்கும் பூட்டனுக்கும் பத்திரம் தேடுவது எங்ஙனம்? மேலும் ஒன்று கருதத்தக்கது. மலையகத்துப் பிள்ளைகள் தந்தைவழிப் பாட்டியை அப்பாயி என்றும் தாய்வழிப் பாட்டியை அம்மாயி என்றும் அழைப்பர். பிள்ளையை வளர்ப்பதில் இருவருக்கும் பங்குண்டு. சட்டமோ அம்மாயியின் பிறப்பைப் பற்றியும் தாயின் பிறப்பைப் பற்றியும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. முறையாக மணந்த தாயின் பிரசாவுரிமை அவள் பிள்ளைக்குச் சென்று சேரவில்லை.

அடுத்து, 1949ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பதிவு பெற்றுப் பிரசையாகலாம் என வழி காட்டியது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வசித்தமையை நிறுவ வேண்டும். இந்த விதி குடும்பத்துள்ளும் நுழைந்தது. திருமணம் நடந்து ஓராண்டு நிறைவதற்குள் மனைவி இலங்கைக்கு வந்திருக்க வேண்டும். பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் பிள்ளையும் வந்திருக்க வேண்டும். அன்றுதொட்டு இருவரும் இங்கேயே வதிந்திருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். தாய்வீடு திருச்சிப் பக்கத்துக் கிராமமாக இருந்து, திரும்பிவரக் காலம் தாழ்ந்தால், அந்த அன்பான வழக்கமே சட்டத்தின் முன் குற்றம்போல் ஆயிற்று. பெற்றோரின் இறுதிக் கடன் செய்யக் கடல் கடந்து நெடுநாள் தங்கிய மகனுக்கும் இதே நிலை ஏற்பட்டது.

விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகஸ்டில் முடிவுற்றது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். பத்தாண்டுக்கு மேல் நடந்த விசாரணையின் முடிவிற் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. இதற்கிடையில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதோர் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டில் இலங்கை இந்திய காங்கிரசார் கொழும்பிற் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் செய்தும் பயனில்லை. எடுத்துக்காட்டிற் கூறிய தாயின் கணவன், நோயுற்ற தன் தாயைப் பார்க்கச் சென்று ஓராண்டுக்கு மேல் இந்தியாவிலே தங்கியதால் விண்ணப்பம் தள்ளுண்டது எனக் கொள்வோம். இலங்கை அவர்களைத் தன் பிரசை என்று ஏற்கவில்லை. இந்தியாவும் அவர்கள் பெயரைத் தன் ஏட்டிற் பதியவில்லை. 'நாடற்றவர்' என்ற சொல் மலையகத்தில் அன்றாடப் பேச்சாயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது; 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பன அதன் சாரம். 1974ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் அவ்வெச்சத்தை ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்துகொண்டனர். ஏழு பேர் இந்தியாவுக்கு, நான்கு பேர் இலங்கைக்கு என்பதே கணக்கின் விகிதம். எண்ணப்பட்டோரின் கருத்தை ஒப்பந்தத்துக்கு முன் எவரும் கேட்டறியவில்லை.

விண்ணப்பங்கள் 1968 மே மாதம் முதல் 1970 ஏப்ரல் வரை ஏற்கப்பட்டன. இலங்கையை வேண்டியோர் தொகை ஒதுக்கீட்டைவிட மிகப் பெரியது. இந்தியாவை வேண்டியோர் தொகையோ ஒதுக்கீட்டை எட்டவில்லை. ஆதலால் இலங்கையை வேண்டிய பலரும் காத்திருக்க நேர்ந்தது. கணவனின் விண்ணப்பத்தில் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அடங்குவர். வயது வந்த மகனும் மணமான மகளும் தனித்தனி. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது பழமொழி. வாயும் வயிறும் வேறாயினும் நாடு ஒன்றாகவே இருந்தது. இப்பொழுது நாடும் வேறாயிற்று. நம் எடுத்துக்காட்டுத் தாயின் கணவன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கிறான். அவளும் சிறுபிள்ளைகள் இருவரும் அதிற் சேர்கின்றனர். 1947இற் பிறந்த மகளோ மணமாகித் தலவாக்கலைப் பக்கம் வாழ்கிறாள். அவள் கணவன் இலங்கைக்கு எழுதிக் கொடுக்கிறான். ஒரே காம்பராவில் வளர்ந்தோர் இரண்டு நாட்டுக்கு உரியர் ஆயினர்.

எழுதிக் கொடுத்தும் பலர் உடனே புறப்படவில்லை. அவர்களைப் புறப்படச் செய்தவை 1970களின் துன்பங்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நாடெங்கும் நிலவியது. வயலோ தோட்டமோ சொந்தமாக இல்லாத லயத்து மக்களை அது மிகக் கொடிதாகத் தாக்கியது. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. பட்டணங்களிற் கையேந்தி நின்ற குடும்பங்கள் பல. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதனைத் தொடர்ந்து பல தோட்டங்களில் தொழிலாளர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்திற் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த கிளர்ச்சியின்போது, டெவன் தோட்டத்தைச் சேர்ந்த சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தார். அதே ஆண்டிலும் 1981, 1983ஆம் ஆண்டுகளிலும் நடந்த வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. அஞ்சிய குடும்பங்கள் சில வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று காடு வெட்டிக் குடியேறின. பின்னர் அங்கேயும் போர் அவர்களைத் தொடர்ந்தது.

தாயகம் திரும்புவோரை அட்டன், நானுஓயா முதலிய நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' எனப் பெயரிட்டனர். இறந்தார்க்கு அழும் அழுகையை இருப்பார்க்கு அழுத இடம் அந்த மேடை. தகரப் பெட்டி, அம்மிக்கல், மாரியம்மன் படம், ஒரு பொட்டலம் தேயிலை ஆகியவற்றோடு குடும்பம் ஏறும். வண்டியில் இருப்பவள் தாய். மேடையில் நிற்பவள் மகள். இருவரில் எவர் ஊருக்குப் போகிறார், எவர் ஊரை விட்டுப் போகிறார் என்று சொல்லுதல் அரிது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்னும் கப்பல் காத்திருக்கும். அக்கரையில் மண்டபம் முகாம். பாட்டன் இலங்கைக்கு வந்தபோது நோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபத்திற் பேரன் திரும்பி வந்து தங்கினான்.

தமிழ்நாட்டிலே வாழ்வு எளிதாக அமையவில்லை. நீலகிரியிற் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி, திரும்பியோர் பலருக்கு வேலை கொடுத்தது. நூற்பாலைகளிலும், கேரளம், கருநாடகம் ஆகியவற்றின் இறப்பர்த் தோட்டங்களிலும் சிலர் அமர்ந்தனர். தொழிற் கடன் பெற்றோரிற் பலர், பழக்கமில்லாத வணிகத்தில் அப்பணத்தை இழந்தனர். தரகர் வலையில் விழுந்து, கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கொத்தடிமைகளாகத் துன்புற்றோரும் உண்டு. இலங்கையில் 'இந்தியத் தமிழர்' எனப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். 1984ஆம் ஆண்டிற் போர் காரணமாகக் கப்பற் போக்குவரத்து நின்றது. அதுவரை பிள்ளைகளோடு சேர்த்து நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றிருந்தனர். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981இல் 8,18,656 ஆகக் குறைந்தது. அடுப்பு அணைந்த காம்பராக்களும் பிள்ளை குறைந்த பாடசாலைகளும் அந்தக் குறைவின் அடையாளங்கள்.

கப்பல் நின்றதும் தாய்க்கும் மகளுக்கும் இடையே எஞ்சியது கடிதம் ஒன்றே. எழுத்தறியாத தாய் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்தாள். எழுத்தறியாத மகள் பாடசாலை ஆசிரியரைக் கொண்டு படிப்பித்தாள். நெஞ்சிலிருந்ததைப் பிறர் கையால் எழுதி, பிறர் வாயாற் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ.

இலங்கையில் எஞ்சியோருக்கு விடிவு படிப்படியாக வந்தது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோரிற் பெரும்பாலோர்க்குப் பிரசாவுரிமை அளித்தன. இறுதியாக, 2003ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் கப்பலேறாது தங்கிவிட்டோர்க்கும் வழி திறந்தது. அதே ஆண்டில் மற்றொரு திருத்தமும் நிறைவேறியது. தந்தை அல்லது தாய், இருவரில் ஒருவர் பிரசையாயினும் பிள்ளை பிரசையாகலாம் என்பதே அது. அம்மாயியையும் தாயையும் கேளாது ஐம்பத்தைந்து ஆண்டு நடந்த சட்டம் அன்றுதான் தாயையும் பெற்றோராக ஏற்றது.

சட்டம் திருந்திய பின்னும் செய்ய வேண்டியன உள. 1992ஆம் ஆண்டில் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் பழைய லயங்களிலேயே வாழ்கின்றன. தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உரிமைப் பத்திரம் இல்லாதோர் மிகப் பலர். தமிழ்நாட்டு மலைகளிலே குடியேறியோரின் பேரப்பிள்ளைகள், தம் பாட்டி பேசிய 'பெரட்டு', 'கொந்தரப்பு', 'கோச்சி' என்னும் சொற்களைக் கேட்டு வளர்கின்றனர். இரண்டு கரையிலும் ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் உறவினர், ஒருவரையொருவர் படத்திற் பார்த்தே அறிவர்.

மலையகத்து இளையோர் தம் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிய வேண்டியன பல உள: எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எவர் சென்றார், எவர் தங்கினார் என்பன அவை. பாட்டனின் பிறப்புப் பத்திரம் இல்லாமையால் ஒரு சமுதாயம் உரிமையிழந்தது. வீட்டு வரலாற்றை எழுதி வைப்பதும், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைத் தவறாது பதிவதும் அற்பமான காரியங்கள் அல்ல. ஒப்பந்தங்கள் தலைகளை எண்ணின. அந்தத் தலைகளுக்கு எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட தாய்மாரின் பெயர்களை அவர்தம் பேரப்பிள்ளைகளே எழுதிவைத்தல் வேண்டும்.